அது ஒன்றுமில்லை, உஸ்மாதான்

சோர்கூ
ஜூலை 28, வெள்ளிக்கிழமை

குஜந்த் நகரத்துப் பெரிய மனுஷி மோஹிராவுக்கு, அவள் அண்ணன் பெண்டாட்டி ஹோசியத் எழுதுவது.

சலாம் சொல்லிவிட்டேன். நலம் விசாரிக்க இப்போது மனம் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், கெட்டது எல்லாம் என் வீட்டுக்கு அல்லவா வந்து இறங்கியிருக்கிறது.

நேற்று மாலை என் மகள் வந்தாள். ஜூலை மாத வெயில், நாய்கூட வாய்க்கால் தண்ணீருக்குள் படுத்துக் கிடக்கிறது. இவள் கண் மட்டும் தெரியக் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "என்னடி, குஜந்த்ல பனி கொட்டுதா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. என் பேச்சுக்குச் சிரிக்காத பிள்ளை இல்லை சர்வினோஸ். சால்வையைப் பிடித்து இழுத்தேன்.

மேலுதடு முழுக்கச் சிவப்புத் திட்டு. இரண்டு புருவத்துக்கும் நடுவில் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு காயம், அடிக்கோல் வைத்து இழுத்தது போல நேராக. கொப்புளம் உடைந்து பொருக்குத் தட்டியிருக்கிறது.

சனிக்கிழமை காலை நான் அவளை எப்படி அனுப்பினேன்? முந்தின நாள் வெள்ளிக்கிழமை. எல்லா வெள்ளிக்கிழமையும் போல உஸ்மா இலையைக் கசக்கிச் சாறு பிழிந்து, தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, மூன்று தடவை பூசி, இரண்டு புருவத்தையும் நடுவில் சேர்த்து ஒரே கோடாக்கி அனுப்பினேன். சிறகு விரித்த தகைவிலான் குருவி மாதிரி இருந்தாள். கல்யாணப் பட்டு எடுக்க அத்தை வீட்டுக்கு அனுப்பினால், அத்தை என்ன செய்கிறாள்? தான் வேலை பார்க்கிற அழகு நிலையத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்து லேசரால் வாட்டி அனுப்புகிறாள். கபாப் போடுகிறவன்கூடப் பதம் பார்த்து எடுப்பான்.

செப்டம்பர் ஒன்பது கல்யாணம். அதற்கு மறுநாள் முகம் காட்டும் சடங்கு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் திரையை விலக்கி அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், என் முகத்தையா பார்ப்பார்கள்? கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை பெண்ணின் முகத்து முடியைத் தொடக்கூடாது என்பது நீயும் வளர்ந்த வழக்கம்தானே? அன்றைக்கு முடியைப் பிடுங்க முதல் நூலைப் பல்லில் கடித்துப் பிடிக்கிறவள் பெற்றவள். என் அம்மா எனக்குப் பிடித்தபோது நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இருபத்தொரு வருடமாக அந்த ஒரு நாளுக்காகப் பல்லைத் தீட்டி வைத்திருந்தேன். அதைப் பறித்துவிட்டாய்.

உன் அண்ணனிடம் தந்தூர் அடுப்பில் சுட்டுக்கொண்டாள் என்று சொல்லியிருக்கிறேன். "அடுப்பு என்ன, நெத்தியில கோடு போடுமா?" என்று கேட்டார். "உங்க வீட்டு அடுப்பு போடும்"னேன்.

தொலைபேசியில் அழைக்காதே. உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். பதில் இருந்தால் எழுதி மஹ்காம் ஓட்டுகிற வாடகைக் காரில் கொடுத்துவிடு. நான் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிடப் பருத்திக் காட்டில் இருந்த நாள் அதிகம், அதனால் எழுத்தைப் பெரிதாக எழுது.

ஹோசியத்


குஜந்த்
ஆகஸ்ட் 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நான் சர்வினோஸைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. அவள்தான் கேட்டாள். மூன்று வருடம் இங்கே ஆசிரியர் கல்லூரியில் படித்தபோது வகுப்புப் பெண்கள் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாளா? "கேப்டன்." மேலுதட்டைத் தடவிக்காட்டிச் சிரிப்பார்களாம். உங்களிடம் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள் என்று சொல்லவில்லை.

இது பெரிய விஷயம் இல்லை, சில பேருக்கு இப்படி ஆகும். எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. வெயிலில் அலைந்தீர்களா, முகத்தில் ஏதாவது பூசினீர்களா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் அதில் கேள்வி உண்டு. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று இருக்கிறது, கீழே அவள் கையெழுத்து இருக்கிறது. அவள் சின்னப் பிள்ளை இல்லை.

வெயிலில் விடாதீர்கள். பொருக்கைப் பிய்க்க வேண்டாம். களிம்பு அனுப்பியிருக்கிறேன், காலையும் மாலையும் போடுங்கள். எங்கள் முதலாளியம்மா நல்ல மனது வைத்து, ஒரு மாதம் கழித்து அழைத்து வந்தால் இன்னொரு தடவை இலவசமாகச் செய்து தருவதாகச் சொன்னார்.

நான் இந்த வேலைக்குப் போவது உங்களுக்கு எப்போதும் பிடிக்காது. அதை இதில் கலக்காதீர்கள்.

மோஹிரா


சோர்கூ
ஆகஸ்ட் 5

இலவசமாகவா!

மோஹிரா, அந்த வார்த்தையை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ரொட்டி அடுப்பிலேயே கருகிவிட்டது. ஒரு கையை வெட்டியவன் "அடுத்த கைக்குக் காசு வேண்டாம்" என்று சொன்னால் அவனுக்குச் சலாம் போட்டுவிட்டு வருவார்களா? உன் முதலாளியம்மாவிடம் சொல், அவள் நல்ல மனதை அவளே முகத்தில் போட்டுக்கொள்ளட்டும், லேசரால்.

வெயிலில் அலையவில்லை என்று படிவம் சொல்கிறதாம். எங்கள் ஊரில் ஜூலை மாதத்தில் வெயில் படாத பெண் ஒருத்தி இருந்தால், அவள் ஒன்று சிறையில் இருக்கவேண்டும், இல்லை செத்திருக்க வேண்டும். மூன்று வாரம் மொட்டை மாடியில் சர்க்கரை பாதாமிப் பழம் பரப்பிப் புரட்டினாள் என் மகள். முகம் ரொட்டியின் அடிப்பக்கம் போல ஆகியிருந்தது. அதற்குப் படிவம் எதற்கு? கண் போதாதா? நீயும் இந்த மாடியில் பழம் புரட்டி வளர்ந்தவள்தானே, நகரத்துக்குப் போனதும் கண்ணைப் பஜாரில் விற்றுவிட்டாயா?

உன் களிம்பை மட்டும் நம்பி நான் உட்காரவில்லை. இஸ்ஃபாரா மருத்துவமனையில் தோல் வைத்தியர் அம்மா ஒருத்தி இருக்கிறாள், அங்கே கூட்டிப்போனேன். அவள் கேட்ட கேள்விகள் இருக்கிறதே, பெண் பார்க்க வருகிற மாமியார்கூட அவ்வளவு கேட்கமாட்டாள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றாள். "மீசைக்கும் அதுக்கும் என்ன டாக்டரம்மா சம்பந்தம்?" என்றேன். "இருக்கும்மா. மோவாயில, உதட்டுல முடி ஜாஸ்தியா வந்தா முதல்ல உள்ள என்னன்னு ரத்தம் எடுத்துப் பாக்கணும். உள்ள கோளாறு இருந்தா வெளிய எத்தனை தடவை சுட்டாலும் திரும்ப முளைக்கும்" என்றாள்.

நீ இத்தனை வருடம் அங்கே உட்கார்ந்திருக்கிறாயே, இதையெல்லாம் ஒருத்தியிடமாவது சொல்லியிருக்கிறாயா? வெயிலில் கறுத்த தோலில் லேசர் வைக்கவே கூடாதாம், அது முடியையும் தோலையும் ஒன்றாக நினைத்துச் சுட்டுவிடுமாம். முதலில் காதோரம் ஒரு சின்ன இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டுமாம். நூல் போட்டு வேரோடு பிடுங்கிக்கொண்டு போனாலும் வீணாம், வேர் இருந்தால்தான் லேசருக்கு வேலை. மழித்துக்கொண்டு போகலாம். பருவுக்குத் தின்கிற சில மாத்திரைகூட ஆகாதாம். ஒரே தடவையில் போகாது, மாதத்துக்கு ஒன்றாக ஆறு, எட்டு தடவை வேண்டும், அப்புறமும் கொஞ்சம் முளைக்கும் என்றாள். கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்கும்போது இதில் இறங்குகிற பைத்தியம் உண்டா என்று என்னைக் கேட்டாள். என்னை! நான் என் நாத்தனாரைக் காட்ட முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

தழும்பு மங்க மாதக்கணக்கில் ஆகும். ஒன்பதாம் தேதிக்குள் போகாது. சர்வினோஸ் சால்வையை மறுபடி கண் வரை இழுத்துக்கொண்டாள். வழியெல்லாம் மஹ்காம் பாட்டுப் போட்டுக்கொண்டே வந்தான், நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

ஒன்று மட்டும் அந்த அம்மாவுக்கும் புரியவில்லை. "உதட்டுல திட்டுத்திட்டா இருக்கு, அது வெயில் பட்ட தோல். நெத்தியில ஏன் கோடு மாதிரி, அதுவும் இவ்வளவு ஆழமா?" என்று கேட்டாள். எனக்கெப்படித் தெரியும்? உன் இயந்திரத்தைக் கேள்.

அந்தப் படிவத்தை அனுப்பு. என் மகள் எதில் கையெழுத்துப் போட்டாள் என்று நான் பார்க்கவேண்டும்.

ஹோசியத்


குஜந்த்
ஆகஸ்ட் 9

அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

படிவத்தை உறையில் வைத்திருக்கிறேன். நன்றாகப் பாருங்கள். கையெழுத்து நீல மையில் இருக்கிறது. 'இல்லை' என்று போட்டிருக்கும் குறிகள் எல்லாம் கறுப்பு மையில் இருக்கின்றன. அவை என்னுடையவை. அன்று சனிக்கிழமை, கல்யாணக் கூட்டம், பதினான்கு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெறும் காகிதத்தை நீட்டி "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றேன். எல்லாரிடமும் அப்படித்தான். மாலையில் கொப்புளம் கிளம்பியதும் முதலாளியம்மா என் பக்கத்தில் வந்து நின்று, "கட்டங்களை நிரப்பிடு" என்றார். நிரப்பினேன். என் அண்ணன் மகள் உள் அறையில் ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொண்டு இருந்தபோது நிரப்பினேன். வியாழன்வரை அவளை என் வீட்டில் வைத்துக்கொண்டதும் ஆறிவிடும் என்ற நம்பிக்கையில்தான்.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். முதல் கடிதத்தில் எழுதத் தைரியம் வரவில்லை.

லேசர் கறுப்பைத் தேடிப் போகும், அண்ணி. முடியின் கறுப்பு எது, சாற்றின் கறுப்பு எது என்று அதற்குத் தெரியாது. இயந்திரம் பிடிக்கிறவள் முதலாளியம்மாவின் அக்கா மகள், பதினோரு நாள் கற்றுக்கொண்டவள், ருஷ்யாவில் வளர்ந்தவள். சர்வினோஸ் படுத்ததும் அவள் நெற்றியைத் துடைத்தாள். போகவில்லை. "இது என்ன, பச்சை குத்தினதா?" என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

நான் பார்த்தேன். நீங்கள் போட்ட கோடு. எனக்கும் சின்ன வயதில் நீங்கள்தானே போட்டுவிட்டீர்கள். நான் சிரித்துக்கொண்டே, "அது ஒண்ணுமில்ல, உஸ்மாதான்" என்றேன்.

அந்தப் பெண் ஒருத்திதான் அங்கே கேள்வி கேட்டாள். அவள் வாயையும் நான் அடைத்தேன்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்தப் படிவம் வெளியே போனால் என் வேலை போய்விடும் என்று முதலாளியம்மா சொல்லியிருக்கிறார். போனது உங்களிடம்தான். என்ன செய்வீர்களோ, செய்யுங்கள்.

மோஹிரா

இன்னொன்றும் சொல்லவேண்டும். நெற்றி நடுவில் வைக்கச் சொன்னது சர்வினோஸ்தான். புருவம் இரண்டாகப் பிரிந்து இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள்.


சோர்கூ
ஆகஸ்ட் 14

மோஹிரா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் மெதுவாகப் படிக்கிறவள், மூன்று தடவையும் வலித்தது.

படித்து முடித்ததும் உன்னைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். பார்த்தால், எதிரே சன்னலில் உஸ்மாக் கிண்ணம் இருக்கிறது. திட்டு பாதியிலேயே திரும்பி என் மேல் விழுந்தது. முதலில் கிண்ணத்தைத் திட்டினேன், அது என் அம்மா கொடுத்தது, அதனால் அவளையும் கொஞ்சம்.

சர்வினோஸைக் கூப்பிட்டேன். "ஏண்டி, முகத்துல ஏதாவது பூசியிருக்கியான்னு அவங்க கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்."

"பொய்தானே அது?"

"இல்லம்மா. உஸ்மாவைப் போய் யாராவது பூசறதுன்னு சொல்லுவாங்களா? முகம் கழுவற மாதிரிதானே அது."

என்னைக் கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். நம் ஊர்ப் பெண்கள் ஆயிரம் பேரை நிறுத்திக் கேட்டாலும் ஆயிரம் பேரும் அதையேதான் சொல்வார்கள். இந்த மண்ணில் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு இது தெரியவேண்டாமா? "ஏதாவது பூசினீர்களா" என்று கேட்டால் போதுமா, "உஸ்மா போட்டீங்களா" என்று கேட்க வாய் வலிக்கிறதா? அதையும்தான் கேட்டார்களா? ஒன்றுமே கேட்காமல் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். என் கோபம் ஆறியது என்று நினைக்காதே. முன்பு ஒரு பானையில் கொதித்தது, இப்போது மூன்று பானையில் கொதிக்கிறது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது, உட்கார்ந்து படி.

சனிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா ஒய்ஜமோல் வந்துவிட்டாள், சொல்லாமல் கொள்ளாமல். தட்டு நிறைய ரொட்டி, ஹல்வா. "பொண்ணைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், சம்பந்தி." உனக்குத் தெரியுமே அவளை, சிரிப்பை உப்பு மாதிரி அளந்து போடுகிறவள். நான் தேநீர் ஊற்றுகிறேன், கிண்ணம் நிரம்பி வழிகிறது, ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். பெண்ணுக்குக் காய்ச்சல் என்றேன். பிறகு பல்வலி என்றேன். "காய்ச்சல் பல்லுலயா?" என்று கேட்டாள்.

அதற்குள் சர்வினோஸ் தானே வந்தாள். சால்வை இல்லை, முகமாவு இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் முகம். நான் எழுந்து, "தந்தூர் அடுப்புல..." என்று ஆரம்பித்தேன்.

"அடுப்பு இல்ல அத்தை" என்றாள் என் மகள் அவளைப் பார்த்து. "லேசர். குஜந்த்ல. நானாத்தான் போனேன். பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க."

மோஹிரா, நான் பெற்றது அது.

ஒய்ஜமோல் கிண்ணத்தை வைத்தாள். தலைத்துணியின் முனையை நாக்கில் நனைத்து மோவாயை அழுத்தித் துடைத்தாள். அவள் பூசியிருந்த மாவு போனது. கீழே இரண்டு வெள்ளைத் தழும்பு, பூசணி விதை அளவில்.

"ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள். "எந்தத் தெரு?"

சர்வினோஸ் தெருவைச் சொன்னாள்.

"மருந்துக்கடைக்கு மேலயா? நீலக் கதவு?"

"ஆமா அத்தை."

"நான் வீட்ல ஷோர்பா கொதிச்சுத் தெறிச்சதுன்னு சொன்னேன். இன்னிவரைக்கும் எம் புருஷன் என்னை அடுப்புப் பக்கம் நின்னா, தள்ளி நில்லுங்கறாரு."

நான் என் அடுப்பைச் சொன்னேன், அவள் தன் பானையைச் சொன்னாள். இந்த மாவட்டத்தில் எத்தனை அடுப்பும் பானையும் பழி சுமந்துகொண்டு நிற்கிறதோ! நாம் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிற வரைக்கும் அந்த நீலக் கதவு திறந்தே இருக்கும். முதல் தடவையே உன் முதலாளியம்மாவிடம் சுடுபட்ட ஒருத்தி வாய் திறந்து கேட்டிருந்தால் என் மகள் நெற்றியில் கோடு விழுந்திருக்காது. இதை ஒய்ஜமோலிடமே சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், பிறகு அழுதாள். கடைசியில் ஹல்வாவை அவளே பாதி தின்றாள்.

திங்கட்கிழமை இருபத்தொன்றாம் தேதி மஹ்காம் காரில் வருகிறோம், நானும் ஒய்ஜமோலும். படிவம் என் மார்புத்துணிக்குள் இருக்கும். உனக்கு ஒரு வழி விடுகிறேன். அன்றைக்கு உனக்கு வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொள். கறுப்பு மை யாருடையது என்று நான் சொல்லமாட்டேன்.

ஹோசியத்


குஜந்த்
ஆகஸ்ட் 24

அண்ணி,

எனக்கு வயிற்றுவலி வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். உங்கள் முன்னால் எழுந்து நின்று "கறுப்பு மை என்னோடது" என்று சொன்னேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் சாப்பிட்டது ருசித்தது.

உங்களுக்குத் தெரியாததையும், நீங்கள் கிளம்பிய பிறகு நடந்ததையும் சொல்கிறேன். உங்களைப் பார்த்ததுமே, சத்தம் போட்டு ஜன்னலை உடைப்பீர்கள் என்று முதலாளியம்மா காவலாளியைக் கூப்பிட்டு வைத்திருந்தார். நீங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்ணையும் "மாடியில பழம் காயப் போட்டியாம்மா? உஸ்மா எப்ப போட்ட? மாசாமாசம் ஒழுங்கா வருதா?" என்று சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று அவர் நினைக்கவில்லை. காவலாளி வெட்கப்பட்டுக் கீழே போய்விட்டான். ஒன்பது பேர் திரும்பிப் போனார்கள். போனவர்களில் நான்கு பேர் மறுநாள் வந்து, படிவத்தைக் கையில் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்துக் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. என்னை முந்தின நாள் மாலையே அனுப்பிவிட்டார்கள்.

அன்று திரும்பும் வழியில் நீங்கள் கொடுத்த புகாரின் மேல் சுகாதார அலுவலகத்திலிருந்து புதன்கிழமை வந்தார்கள். லேசர் அறையைப் பூட்டி முத்திரை வைத்திருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. இயந்திரம் பிடித்த பெண் என் வீட்டுக்கு வந்து அழுதாள். "எனக்கு யாரும் சொல்லித் தரல அக்கா, உஸ்மான்னா என்னன்னுகூட." அவளுக்குத் தேநீர் கொடுத்தேன். இலை எப்படி இருக்கும் என்று காட்டினேன்.

எனக்கு வேலை இல்லை. அது சரிதான். ஆனால் ஒன்று கேட்கவேண்டும், கேட்க வெட்கமாக இருக்கிறது. கல்யாணத்துக்கு நான் வரலாமா?

மோஹிரா


சோர்கூ
செப்டம்பர் 6, புதன்கிழமை

மோஹிரா,

பதில் தாமதம், ஏனென்றால் நாற்பது கிலோ கேரட் வெட்டினேன். கல்யாணப் புலாவுக்கு ஆள் போதாது, வேலை போனவள் ஒருத்தி நகரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

முகம் எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, பயம். நானே சொல்கிறேன். உதடு தெளிந்துவிட்டது. நெற்றியில் கோடு இருக்கிறது, தேன் நிறத்தில். ஆறி மூடிவிட்டது, மங்க நாளாகும் என்றாள் டாக்டரம்மா. ரத்தமும் எடுத்துப் பார்த்தாயிற்று, உள்ளே ஒரு கோளாறும் இல்லை. மீசை என் அப்பா வழி, அவருக்கும் நன்றாக இருந்தது.

தெருப் பெண்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள். உஸ்மாவை அழுத்திப் பூசினால் தழும்பு தெரியவே தெரியாது, புருவமும் சேர்ந்துவிடும். எனக்கும் அது பெரிய நிம்மதியாக இருந்தது. போன வெள்ளிக்கிழமை இலையைக் கசக்கினேன், சாறு பிழிந்தேன், குச்சியில் பஞ்சு சுற்றினேன். அவள் வழக்கம்போல என் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடினாள்.

கை நெற்றிக்குப் போய் நின்றுவிட்டது, மோஹிரா.

அந்த நீலக் கதவுக்குள் உட்கார்ந்து ஊர்ப் பெண்களை எல்லாம் கேள்வி கேட்டேனே, ஒருத்தியையும் கேட்காமல் தொடலாமா என்று குதித்தேனே. இருபத்தொரு வருட வெள்ளிக்கிழமைகளில் ஒரு தடவையாவது நான் இவளைக் கேட்டிருக்கிறேனா?

"சர்வினோஸ், நடுவுல போடட்டுமாடி?"

கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள், என் பிழைப்பு அப்படி.

"வேண்டாம்மா. ரெண்டு பக்கம் மட்டும் போடு."

"கோடு தெரியுமே."

"தெரியட்டும்."

இரண்டு பக்கம் மட்டும் போட்டேன். கை பழக்கத்தில் நடுவுக்கு ஓடியது, அவள் சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முகம் காட்டும் நாளில் ஒய்ஜமோலும் மாவு பூசாமல்தான் திரைக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறாளாம். ஷோர்பாவின் மேல் இருந்த பழியை வீட்டில் எடுத்துவிட்டாள். அவள் புருஷன் பானைக்கு ஒரு சலாம் போட்டாராம்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் அழைக்காதே, நேரில் வா. மஹ்காம் நாளை மறுநாள் காலை ஆறு மணிக்கு அங்கிருந்து கிளம்புகிறான். வெள்ளிக்கிழமைதான் முதல் நூல். இந்த வாரம் நூலைப் பற்றியும் சர்வினோஸையே கேட்டேன். உதட்டில் போடலாம், கன்னத்தில் போடலாம், நெற்றி நடுவில் தொடக்கூடாது என்றாள். அப்புறம், "மோஹிரா அத்தை பக்கத்துல இருக்கணும், நான் கத்தறப்ப அவங்க என் கையைப் பிடிச்சுக்கணும்" என்றாள்.

அவள் கேட்டுவிட்டாள், நான் மறுக்க முடியாது. கையில் நகம் வெட்டிக்கொண்டு வா.

உன் அண்ணி
ஹோசியத்